சேலத்துச் சரக்கும் கடற்காற்றும்

சேலத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அனுப்பும் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில், சில வாரங்களுக்கு முன் ஒரு கப்பல் வாடகைப் பில்லை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. கடல் வாடகை, துறைமுகக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று வழக்கமாக வரும் இனங்களுக்குக் கீழே, ‘பங்கர்’ என்ற பெயரில் எரிபொருளுக்கான கூடுதல் தொகை ஒன்று இருந்தது. அதற்கும் கீழே, ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரியில் தன் கரிம வணிகத் திட்டத்தைக் கப்பல்களுக்கும் விரித்ததிலிருந்து வந்து சேர்ந்த உமிழ்வுக் கட்டணம் இருந்தது. கடலை எப்போதாவது ஒருமுறை பார்க்கும் ஒரு தறிக்கூடக்காரர் இப்படி இரண்டு தலைப்புகளில் பணம் கட்டுவது ஒரே பொருளுக்காகத்தான்: கப்பலின் அடித்தளத்தில் எரியும் கெட்டி எண்ணெய். அந்த எண்ணெயைக் காற்றின் துணையால் எவ்வளவு குறைக்கலாம், எந்தக் கப்பலில், எந்த வழித்தடத்தில் குறைக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் காற்றைப் பிடிக்கக் கப்பலில் நடும் பாயின் வடிவத்தையும் உயரத்தையும் பேசுகின்றன. விடையின் பெரும்பகுதி கப்பல் செல்லும் திசையிலும், சரக்கு எத்தனை நாள் பொறுக்கும் என்பதிலும் இருக்கிறது என்பதே என் கருத்து.

உலக வணிகச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் வழியாகவே நகர்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வின்படி, 2018ஆம் ஆண்டில் கப்பல்கள் வெளியிட்ட பசுங்குடில் வாயு ஏறத்தாழ 107.6 கோடி டன். மனிதர்கள் வெளியிடும் மொத்தத்தில் அது 2.89 விழுக்காடு. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த லாரிக்கு ஆகும் எரிபொருளில் சிறு பங்குதான் கப்பலுக்கு ஆகிறது என்பது உண்மையே. ஆனால் எண்பதாயிரம் டன் ஏற்றும் நடுத்தரக் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு இருபது முப்பது டன் எண்ணெயை எரிக்கும். அந்த எண்ணெயும் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலையில் கடைசியாக அடியில் தங்கும் கசடு. குளிர்ந்தால் தார்போல் இறுகிவிடுவதால் சூடேற்றித்தான் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு டன் எரிந்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு வானில் கலக்கிறது.

காற்றைப் பிடிக்க இன்று கப்பல்களில் பொருத்தப்படும் கருவிகளுள் பார்த்தவுடன் வியப்பைத் தருவது சுழல் உருளைதான். தளத்தில் நட்டு வைத்த ஆலைப் புகைபோக்கி போன்ற ஓர் உயரமான உருளையை மின் மோட்டார் ஒன்று சுழற்றிக்கொண்டே இருக்கும். துணியும் இல்லை, கயிறும் இல்லை. இது எப்படிக் கப்பலைத் தள்ளும் என்ற கேள்விக்கு வாழப்பாடி மைதானத்தில் சுழற்பந்து வீசும் பையனே விடை சொல்லிவிடுவான்: சுழன்றபடி பறக்கும் பந்து காற்றிலேயே ஒருபக்கம் விலகிப் போகும். பந்தின் ஒரு பக்கத்தில் அதன் மேற்பரப்பும் எதிர்ப்படும் காற்றும் ஒரே திசையில் ஓடுவதால் அங்கே காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது. மறுபக்கத்தில் இரண்டும் எதிரெதிராக உரசுவதால் காற்று தயங்குகிறது, அழுத்தம் கூடுகிறது. இந்த அழுத்த வேறுபாடு பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் மேக்னஸ் 1852இல் ஆராய்ந்து சொன்ன இந்த விளைவு கப்பலுக்குப் பொருந்தும்போது, பக்கத்திலிருந்து வீசும் காற்று கப்பலை முன்னோக்கி இழுக்கும் விசையாக மாறிவிடுகிறது. காற்று வலப்புறமிருந்து இடப்புறத்துக்கு மாறினால், உருளையை எதிர்த்திசையில் சுழற்றினால் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஆன்டன் ஃப்ளெட்னர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1924இலேயே ‘பக்காவு’ என்ற பழைய பாய்மரக் கப்பலில் இரண்டு உருளைகளைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அதே கப்பல் 1926இல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வரை சென்றது. கருவி தோற்கவில்லை; டீசல் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். எண்பதுகளிலும் இதே கதை திரும்ப நடந்தது. எண்ணெய் நெருக்கடியின் சூட்டில் ஜப்பான் 1980இல் ‘ஷின் ஐடோக்கு மாரு’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குச் சட்டமிட்ட பாய்களைக் கட்டியது. 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. காற்றுக் கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறைப்பது இதுதான்: எண்ணெய் விலை ஏறும்போது விழித்து, இறங்கும்போது உறங்கிவிடும் ஒரு தொழில்நுட்பத்துக்கு நூறு ஆண்டுகள் இருந்தும் வளர வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இப்போதைய அலையில் கிடைத்திருக்கும் அளவீடுகள் முன்பைவிட உறுதியானவை. ‘மேர்ஸ்க் பெலிகன்’ என்ற எண்ணெய்க் கப்பலில் 2018இல் 30 மீட்டர் உயரமுள்ள இரண்டு உருளைகள் பொருத்தப்பட்டன. ஓராண்டு அளந்து பார்த்ததில் 8.2 விழுக்காடு எரிபொருள் மிச்சமானது. 2024இல் நான்கு லட்சம் டன் இரும்புத் தாது ஏற்றும் ‘சோஹார் மேக்ஸ்’ என்ற கப்பலும் ஐந்து உருளைகளைப் பெற்றது. உருளைக்குப் பதிலாக விமான இறக்கையை நட்டுக்குத்தாக நிறுத்தியது போன்ற விறைப்பான பாய்களும் உண்டு. ‘பிக்சிஸ் ஓஷன்’ என்ற கப்பல் 37.5 மீட்டர் உயரமுள்ள அத்தகைய இரண்டு இறக்கைகளுடன் 2023 ஆகஸ்டில் சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. முதல் ஆறு மாத ஓட்டத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 3 டன் எண்ணெயும், காற்று வாய்த்த சிறந்த நாட்களில் 11 டன் வரையும் மிச்சமாயின. ஜப்பானின் ‘ஷோஃபு மாரு’ 2022 அக்டோபரிலிருந்து ஒற்றை விறைப்பாயுடன் ஓடுகிறது. தொலைநோக்கிக் குழல் போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கி மடங்கும் அந்தப் பாயால் ஒரு பயணத்துக்கு 5 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்றும், தனியொரு நாளின் உச்சம் 17 விழுக்காட்டைத் தொட்டது என்றும் அதன் உரிமையாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். கப்பலுக்கு முன்னே பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டு இழுக்கச் செய்யும் முயற்சியும் 2008இல் நடந்தது. அது இதுவரை பெரிதாகப் பரவவில்லை.

சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. கருவி ஒன்றே, கப்பலும் ஒன்றே. ஒரு நாள் 11 டன், மற்றொரு நாள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏற்காடு மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் ஏறியவர்களுக்கு இதன் காரணம் உடம்பாலேயே தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள்; ஆடி மாதத்தில் ஒரு வளைவு வரை நெஞ்சில் அறைந்துகொண்டு வரும் காற்று, வண்டி திரும்பியதும் சட்டென்று அடங்கிவிட்டது போலிருக்கும். மலையில் காற்று அடங்கவில்லை. அது முதுகுப் பக்கம் போய்விட்டது, வண்டியும் அதே திசையில் ஓடுவதால் நமக்கு உறைக்கவில்லை. கப்பலின் பாய்க்கும் இப்படித்தான். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பலின் பின்னாலிருந்து 16 கடல் மைல் வேகக் காற்று வீசினால், பாய் உணர்வது வெறும் 4 கடல் மைல் காற்றை. அதே காற்று எதிரே வந்தால் 28 கடல் மைல் வேகத்தில் முகத்தில் அறையும். அதனால் இழுவிசை கிடைக்காது, தடையே கூடும். அது சரியாக விலாப்பக்கத்திலிருந்து வீசினால், இரண்டு வேகங்களும் செங்கோணத்தில் சேர்ந்து 20 கடல் மைல் காற்றாக முன்பக்கம் சாய்ந்து வரும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், 4க்கும் 20க்கும் இடையே விசையில் இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. ‘பின்காற்றே நல்ல காற்று’ என்று நிலத்தில் இருப்பவர்கள் நினைப்பது இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை சரியன்று. விலாக்காற்றுதான் இவற்றுக்குச் சோறு.

வேகமும் இதே அளவு முக்கியம். கப்பலை ஓட்டத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. மணிக்கு 14 கடல் மைலில் ஓடும் கப்பல் 12.6க்கு இறங்கினால், அதாவது பத்திலொரு பங்கு மட்டும் வேகம் குறைத்தால், எஞ்சினின் திறன் தேவை 27 விழுக்காடு குறையும். பயண நேரம் 11 விழுக்காடு நீளும். மொத்தத்தில் அந்தப் பயணத்துக்கான எண்ணெய் 19 விழுக்காடு மிச்சமாகும். பாயே இல்லாமல் கிடைக்கும் மிச்சம் இது. பாயும் இருந்தால் இரட்டை நன்மை: நீரின் தடை குறைந்துவிட்டதால் அதே காற்று தரும் அதே இழுவிசை முன்பைவிடப் பெரிய பங்கை ஏற்றுக்கொள்கிறது. அவசரமாக ஓடும் கப்பலோ தன் வேகத்தாலேயே காற்றை எதிர்க்காற்றாகத் திருப்பிக்கொள்கிறது.

இங்கேதான் என் நண்பரின் விரிப்புகளுக்கு ஏமாற்றம். சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ லாரியேறும் துணி, ஜவ்வரிசி, மாவு எல்லாமே கண்டெய்னரில் போகின்றன. கண்டெய்னர் கப்பல்கள் மற்றச் சரக்குக் கப்பல்களைவிட வேகமாக ஓடுபவை. வாரத்தில் இந்த நாள் இந்தத் துறைமுகம் என்ற அட்டவணைக்குக் கட்டுப்பட்டவை. தளம் முழுவதும் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதால் பாய் நட இடமில்லாதவை. இடம் கண்டுபிடித்தாலும், துறைமுகத்தில் தளத்துக்கு மேலே நீண்டு நின்று பெட்டி இறக்கும் பிரம்மாண்டமான கிரேனுக்கு அந்தப் பாய் குறுக்கே நிற்கும். எனவே பெட்டிச் சரக்கின் பில்லில் காற்று தரும் தள்ளுபடியை நெடுங்காலத்துக்கு எதிர்பார்க்க இயலாது என்றே எண்ணுகிறேன்.

ஏற்காட்டுக் காபியின் நிலை வேறு மாதிரியானது. சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கும்வரை இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற சரக்கு பெரும்பாலும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரத்தில்தான் போனது. கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல் முந்தியதற்கு வேகம் மட்டும் காரணமன்று. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் வடக்கிலிருந்தே காற்று வீசுவதால் ஐரோப்பாவுக்குப் போகும் பாய்மரத்துக்கு அது எதிர்க்காற்று. கால்வாய்க்குள் இழுத்துச் செல்லவே வேறொரு படகு வேண்டும். புகழ்பெற்ற தேயிலைக் கப்பலான ‘கட்டி சார்க்’ நீரில் இறங்கியதும் அதே 1869 நவம்பரில்தான். கால்வாயின் போட்டியைத் தாங்காமல் அது தேயிலையை விட்டு ஆஸ்திரேலியக் கம்பளிக்கு மாற நேர்ந்தது. இன்று பிரான்ஸில் ‘கிரேன் டி செய்ல்’, ‘அனெமோஸ்’ போன்ற புதிய பாய்மரச் சரக்குக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் ஓடுகின்றன. பாய்தான் இவற்றின் முதன்மை விசை. 81 மீட்டர் நீளமுள்ள ‘அனெமோஸ்’ 2024இல் தன் முதல் பயணத்தை நியூயார்க்குக்கு நடத்தியது. சுமார் ஆயிரம் டன் சரக்கு ஏற்றும். இருபதடிக் கண்டெய்னர் ஒன்றில் 19 டன் அளவுக்குக் காபி போகும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது கண்டெய்னருக்குச் சற்று மேல். பெரிய கண்டெய்னர் கப்பலோ இருபதாயிரம் பெட்டிகளைச் சுமக்கிறது. பொட்டலத்தின் மேல் ‘பாய்மரத்தில் வந்தது’ என்று அச்சிட்டு அதற்குரிய விலை கேட்கக்கூடிய காபிக்கும் கோகோவுக்கும் அந்த வழி நிற்கும். சேர்வராயன் மலையின் சில தோட்டக்காரர்களுக்கு அது ஒருநாள் உதவலாம். உலகின் எண்ணெய்க் கணக்கில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவராது.

பெரிய மாற்றம் வரக்கூடிய இடம் மொத்தச் சரக்கு: நிலக்கரி, தாது, தானியம், உரம். இந்தக் கப்பல்கள் மெதுவாகச் செல்பவை. பாதையைக் காற்றுக்கேற்ப வளைத்துக்கொள்ளக்கூடியவை. கிடங்கு மூடிகளுக்கு இடையே பாய் நட இடம் உள்ளவை. சேலம் மாவட்டத்துக்குக் கடல் வழியே உள்ளே வரும் மிகப் பெரிய சரக்கும் இந்த வகைதான். 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நிலக்கரி, ஒடிசாவின் சுரங்கத்தில் ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலேறி வருவதை, கரி வண்டிகள் கடக்கும்வரை ரயில்வே கேட்டில் காத்து நிற்கும் மேட்டூர்க்காரர்கள் பலரும் அறிவார்கள்.

ஆனால் அந்தப் பாரதீப் – எண்ணூர் வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து இறங்குகிறது. வங்கக் கடலின் இரு பருவக்காற்றுகளும் அதே கோட்டில்தான் ஓடுகின்றன. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று சரக்குக் கப்பலின் முகத்துக்கு நேரே நிற்கும். ஐப்பசிக்குப் பின் வடகிழக்குக் காற்று நேர் முதுகில் வரும். முன்னே சொன்ன 28, 4 என்ற இரண்டு கணக்குகளும் இங்கே மாறிமாறி வாய்க்கும். 20 என்ற கணக்கு அரிதாகவே வாய்க்கும். இந்தோனேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு நிலக்கரி வரும் வழி அப்படியில்லை. சுமத்ராவின் வடமுனையைக் கடந்து சென்னை நோக்கி மேற்கு வடமேற்காக வரும் கப்பலுக்குத் தென்மேற்குக் காற்று இடது விலாவிலும், வடகிழக்குக் காற்று வலது விலாவிலும் படும். சரக்கோடு வரும்போதும், காலியாகத் திரும்பும்போதும், இரண்டு பருவத்திலும் பக்கக்காற்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று வரும் திசையை வைத்துக் காற்றுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. ஒரு கருவி ஒரு வழித்தடத்தில் பயன்படுமா என்ற கேள்விக்கும் முதல் விடை அந்தத் திசைதான். விற்பவர்கள் காட்டும் விழுக்காட்டைக் கேட்கும் முன், எந்த வழியில், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

நிலக்கரி சுமக்கும் கப்பலில் எண்ணெயை மிச்சம் பிடித்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. நிலக்கரியை விட்டு விலக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆயினும் ஒரு கப்பல் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கிறது. இன்று நிலக்கரி ஏற்றும் கப்பல் நாளை கோதுமையும் உரமும் ஏற்றும். பாய் சரக்கைப் பார்ப்பதில்லை. மேலும், கப்பல்களுக்கு வரவிருக்கும் மாற்று எரிபொருள்கள் மலிவானவை அல்ல. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2050ஐ ஒட்டி நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் இலக்கை 2023இல் ஏற்றது. அதற்கான கட்டண விதிகள் மீதான முடிவு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. இலக்கு என்றைக்கு நடைமுறைக்கு வந்தாலும் பச்சை அம்மோனியா, பச்சை மெத்தனால் ஆகியவற்றின் தேவை எழும். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை அம்மோனியாவாக்கி, கப்பல் எஞ்சினில் எரித்துச் சுழலியைத் திருப்பும்போது, தொடங்கிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிடித்த காற்றை இவ்வளவு மாற்றி மாற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவதைவிட, கடலிலேயே வீசும் காற்றைத் தளத்திலேயே பிடித்துக்கொள்வது எவ்வளவு நேரான வழி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருள் விலை கூடக்கூட, மிச்சமாகும் ஒவ்வொரு டன்னின் மதிப்பும் கூடும்.

அப்படியிருந்தும் உலகின் பல்லாயிரம் சரக்குக் கப்பல்களில் பாயோ உருளையோ பொருத்தியவை இன்னும் மிகச் சிலவாகவே இருப்பதற்குக் காரணம் பொறியியலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. கால அடிப்படையிலான வாடகை ஒப்பந்தத்தில் கப்பல் ஒருவருடையது, எண்ணெய்ச் செலவு அதை வாடகைக்கு எடுத்தவருடையது. பாய் வைக்க முதல் போட வேண்டியவர் உரிமையாளர். மிச்சத்தை அனுபவிப்பவர் வாடகைதாரர். வாடகை வீட்டில் மாடிக்குச் சூரியத் தகடு யார் போடுவது என்ற சண்டைக்கும் இதற்கும் வேறுபாடில்லை. ‘பிக்சிஸ் ஓஷன்’ முயற்சியில் கப்பலை வாடகைக்கு எடுத்த தானிய நிறுவனமே முன்னின்றதால்தான் அது நடந்தது. இரண்டாவது தடை, துறைமுகத்தில் முதலில் வந்த கப்பலுக்கே முதல் இடம் என்ற வழக்கம். வரிசையில் இடம் பிடிக்க முழுவேகத்தில் ஓடிவந்து, நங்கூரமிட்டு நாட்கணக்கில் நிற்கும் கப்பல்களை எந்தப் பெரிய துறைமுகத்தின் வெளிக்கடலிலும் காணலாம். தாமதத்துக்காகக் கப்பல் உரிமையாளருக்குக் கிடைக்கும் ‘டெமரேஜ்’ தொகை அந்த நிற்றலையும் இலாபமாக்கிவிடுகிறது. காற்றுக்காக ஒரு நாள் மெதுவாக வரும் கப்பல் இந்த முறையில் தண்டனையே பெறும்.

காற்றை நம்பித் தொழில் செய்வது எப்படி என்பது ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் எப்போதோ தீர்ந்த கேள்வி. கிழங்கு அரவைக் காலத்தில் அந்தச் சிமெண்ட் களங்களைப் பார்த்திருக்கிறேன். வறுத்த ஈர ஜவ்வரிசியை வெண்மணலாக விரித்து, மரப்பலகையால் கோடு கோடாகக் கிளறிவிடுவார்கள். வெயிலோடு காற்றும் வந்தால் விரைவாகவே காலடியில் கலகலவென்று சத்தம் எழும். காற்றில்லாத, மேகம் மூடிய நாளில் அதே சரக்கு அடுத்த நாள்வரை கிடக்கும். அதற்காக ஆலைக்காரர் காற்றைக் குறை சொல்வதில்லை. குடோனில் சில நாள் சரக்கை எப்போதும் இருப்பு வைத்து, அதிலிருந்து லாரி ஏற்றுகிறார். இலவசமாக வரும் காற்றுக்கு அவர் தரும் விலை அந்த இருப்பு.

அனல் மின் நிலையத்தின் நிலக்கரி முற்றமும் அத்தகைய குடோன்தான். குவியலில் போதிய இருப்பு இருந்தால் கப்பல் இரண்டு நாள் தாமதித்து வருவதால் ஒரு விளக்கும் அணையாது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. மாநில அரசின் பூம்புகார் கப்பல் கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்து, மின் வாரியத்துக்கு நிலக்கரி ஏற்றிவருவதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருக்கிறது. கப்பலை வாடகைக்கு எடுப்பதும், சரக்கு வாங்குவதும், இறுதியில் எண்ணெய்ச் செலவைச் சுமப்பதும் இங்கே ஒரே அரசின் கைகள். பாரதீப் வழிக்குப் பாயுள்ள கப்பலைக் கேட்பது வீண் என்பதை மேலே பார்த்தோம். அங்கே வேகத்தைக் குறைத்து வரிசை முறையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்தோனேசியாவிலிருந்து வரும் சரக்குக்கு டெண்டர் எழுதும்போது மட்டும், காற்றுக் கருவி உள்ள கப்பலுக்கு அது அளந்து காட்டும் மிச்சத்துக்கு ஏற்ப மதிப்பெண் தரலாம். வந்து சேர வேண்டிய நாளை ஒற்றைத் தேதியாக எழுதாமல், ஐந்து நாள் இடைவெளியாக எழுதலாம். அந்த ஐந்து நாளுக்குள் எப்போது வந்தாலும் எண்ணூரில் இடம் உண்டு என்று துறைமுகத்தோடு பேசி வைக்கலாம். அதற்கான செலவு, மேட்டூரின் முற்றத்தில் மேலும் ஐந்து நாள் நிலக்கரியைக் குவித்து வைப்பதற்கான செலவு மட்டுமே.